சோப்புக்கு ஆய்வகச் சான்று: தோல் ஒவ்வாமையை அந்தக் காகிதம் சொல்லுமா?

தேன்கூடு (மார்த்தாண்டம்)

மகளிர் குழுவாக ஏழு பேர் சேர்ந்து, உரிமம் பெற்று, நான்கு ஆண்டுகளாகக் குளியல் பொடியும் சோப்பும் செய்து வருகிறோம். பொடியில் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூ ஆகியவை சேரும். சோப்பில் தேங்காயெண்ணெய், காரம், மணத்துக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய். நாகர்கோவிலில் உள்ள ஒரு பெரிய கடை, எங்கள் சோப்பை அடுக்கில் வைக்க வேண்டுமானால் தோல் ஒவ்வாமைக்கான ஆய்வகச் சான்று வேண்டும் என்கிறது. ஏற்கெனவே ஒரு தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டி ஒரு சான்று வாங்கியிருக்கிறோம். 24 பேரின் முதுகில் சோப்புக் கரைசலை ஒரு நாள் முழுவதும் ஒட்டி வைத்துப் பார்த்ததில் எவருக்கும் தோல் சிவக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அது போதாது என்கிறார் கடைக்காரர்.

செயற்கை வேதிப்பொருள்களுக்காக வந்த சோதனையை, பாட்டி காலத்திலிருந்து தேய்த்துக் குளித்து வரும் பொருளுக்கும் கேட்பது, சிறு உற்பத்தியாளரைக் கடை வாசலிலேயே நிறுத்தி வைக்கும் வேலை என்பது என் வாதம். எங்கள் உறையில் 'இயற்கையானது, ஒவ்வாமை தராது' என்று அச்சிட்டிருக்கிறோம். அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

கோட்டாற்று வேதியன்

அக்கா, உங்கள் சோப்பின் தரத்தைக் குறை கூற நான் வரவில்லை. உறையில் உள்ள வாசகத்தின் பின்பாதியை மட்டும் மறுக்கிறேன். இயற்கையில் கிடைப்பதால் ஒன்று தோலுக்கு நண்பனாகிவிடுமானால், சேங்கொட்டையைப் போல நல்ல நண்பன் வேறு இருக்க முடியாது. சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறியிட அதன் சாற்றைப் பயன்படுத்திய காலத்தில், சட்டைக் காலரில் குறி பட்ட இடத்துக்கு நேராகக் கழுத்தில் கொப்புளம் கிளம்பியவர்கள் எத்தனையோ பேர்.

தோலில் ஒவ்வாமையை உண்டாக்குபவை பெரும்பாலும் 500 டால்டனுக்குக் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) குறைவான எடை கொண்ட சிறு மூலக்கூறுகள். அவை மேல்தோலைக் கடந்து உள்ளே போய், அங்குள்ள புரதங்களோடு இறுகப் பிணைந்துகொள்கின்றன. அந்தப் பிணைப்பை அந்நியமாகக் காணும் காவல் செல்கள் செய்தியை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு செல்ல, அங்கே அந்தப் பொருளை மட்டுமே அடையாளம் காணும் டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் பெருகுகின்றன. இந்த முதல் கட்டத்துக்குப் பத்து நாள், இரண்டு வாரம் அல்லது இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். அதுவரை வெளியே எதுவும் தெரியாது. அதன் பிறகு அதே பொருள் சிறிதளவு பட்டாலும் ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் கரப்பான் (அரிப்போடு கூடிய தோல் அழற்சி) எழும். உங்கள் சான்றில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நாள் ஒட்டியிருக்கிறார்கள். அது எரிச்சலைக் காட்டும் சோதனையே தவிர, ஒவ்வாமையைக் காட்டுவதன்று. கடைக்காரர் இதை அறிந்து கேட்டாரா, அறியாமல் கேட்டாரா என்பது வேறு விஷயம், கேட்டது சரி.

இன்னொன்று. எலுமிச்சைப்புல் எண்ணெயில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிட்ரால் என்னும் மணப்பொருள். உறையில் பெயர் சொல்லியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் முதலில் வகுத்த 26 மணப்பொருள்களில் அதுவும் ஒன்று. கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டைத் தாண்டினால் அங்கே பெயரை அச்சிட வேண்டும். நீங்கள் நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், சிட்ரால் அந்த வரம்பைப் போல் எழுபது மடங்குக்கு மேல் இருக்கும். இது தடை அன்று; பெயரைச் சொல் என்னும் கட்டளை மட்டுமே.

புதுக்கடைப் பெண்

சேங்கொட்டையைத் தேடி எதற்குப் போகவேண்டும்? அதன் உறவுக்காரன் கொல்லாங்கொட்டை (முந்திரி) நம் ஊரிலேயே இருக்கிறது. என் அம்மா முப்பது ஆண்டுகள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைத்தவர். தோட்டு எண்ணெயில் உள்ள கார்டோலும் அனகார்டிக் அமிலமும் கையைப் புண்ணாக்கும் என்பதால், கையில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அம்மாவின் விரல் நுனிகளில் ரேகை இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதே வரிசையில் உட்கார்ந்த ஒருவருக்கு எண்ணெய் படாத முகமும் கண்ணிமையும் வீங்கும். அம்மாவுக்கு ஒருநாளும் அப்படி ஆனதில்லை. வேதியன் சொல்லும் எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்பது இப்போதுதான் புரிகிறது. அம்மாவுக்கு வெந்தது தோல்; பக்கத்து இருக்கைக்காரருக்கோ உடம்பே அதைப் பகையாக எழுதி வைத்துக்கொண்டது.

ஆயினும் என் மனக்குறை வேறு. வாங்குபவரின் கைக்குப் போகும் சோப்புக்கு இத்தனை சான்று கேட்கிறோம். செய்பவரின் கையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. தேன்கூடு அக்கா, அச்சில் ஊற்றும்போது அந்தப் புல்லெண்ணெயை நீர்க்காமல் கையாளும் உங்கள் ஏழு பேருக்குத்தான் முதல் ஆபத்து.

தேன்கூடு (மார்த்தாண்டம்)

கையுறை போட்டுத்தான் ஊற்றுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: நான்கு ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் வந்து தடித்தது என்று சொல்லவில்லையே. அதற்கு மதிப்பே இல்லையா?

முட்டம் செவிலி

மதிப்பு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. தோல் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். கரப்பானோடு வருபவர் எதை மாற்றினீர்கள் என்று கேட்டால் நேற்று சாப்பிட்ட இறாலைச் சொல்வார். ஆறு மாதமாகத் தேய்க்கும் சோப்பைச் சொல்லமாட்டார். பட்ட இடமும் காலமும் விலகி நிற்பதால்தான் இது எளிதில் பிடிபடுவதில்லை. 1895 இல் யடாசோன் என்னும் தோல் மருத்துவர் தொடங்கிவைத்த ஒட்டுச் சோதனையைத்தான் இன்றும் செய்கிறோம்: சந்தேகப் பொருள்களைச் சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்போம். இந்த மாவட்டத்து வியர்வையில் ஒட்டுத்தாள் நிற்பதே பெரும்பாடு. கடலுக்குப் போய் வருபவரிடம் இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். எனினும் இது ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவருக்குக் காரணம் தேடும் சோதனையே அன்றி, புதுப்பொருள் ஒன்று நாளை எவருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது: ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் போன்ற பொருள்களே பலருக்குக் கையில் கரப்பானைக் கொண்டு வருகின்றன. என் கையும் அதற்குச் சாட்சி.

ஆரல்வாய்க் காற்று

மருந்து நிறுவனமொன்றின் விலங்கு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இங்கே எவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வாமை ஒரு முழு உடம்பின் செயல். அதனால்தான் 1965 இல் பியூலர் முறையும் 1969 இல் மாக்னுசன்–கிளிக்மன் முறையும் கினிப்பன்றியின் தோலில் செய்யப்பட்டன. பின்பு வந்த சுண்டெலிச் சோதனையில் காதில் மூன்று நாள் பொருளைத் தடவி, கணுவில் செல் பெருக்கம் மூன்று மடங்காக உயர்கிறதா என்று அளந்தோம். எந்தச் செறிவில் மூன்று மடங்கு எட்டுகிறது என்பதிலிருந்து பொருளின் வீரியமும் தெரிந்தது. இந்தியாவில் 2014 இல் அழகுப்பொருள்களுக்கான விலங்குச் சோதனை நிறுத்தப்பட்டது. இரக்கம் நல்லதுதான். ஆனால் அந்த இடத்தில் வந்தது என்ன? கண்ணாடிக் குப்பியில் இரண்டு துண்டுப் புரதமும், தட்டில் வளர்ந்த செல்லும். தோலும் இல்லை, கணுவும் இல்லை, ஓடும் இரத்தமும் இல்லை. அதை நம்பிச் சோப்புக்குச் சான்று தருவது, குளத்தில் காலை நனைத்துவிட்டுக் குளச்சல் கடலின் ஆழத்தைச் சொல்வது போன்றது.

கோட்டாற்று வேதியன்

ஐயா, அந்தக் கடலையே நான்கு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படி புரதத்தோடு பிணைதல். டிபிஆர்ஏ சோதனையில் சிஸ்டைன், லைசின் என்னும் அமினோ அமிலங்களைக் கொண்ட இரு பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) பொருளோடு 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு பெப்டைடு குறைந்தது என்று அளப்பார்கள், சராசரி 6.38 விழுக்காட்டைத் தாண்டினால் பிணைகிறது என்று பொருள். இரண்டாம் படி மேல்தோல் செல்லின் பதற்றம். கெராட்டினோசென்ஸ் சோதனையில் அந்தச் செல்லுக்குள் மின்மினியின் ஒளிநொதியைப் பொருத்தியிருப்பதால், பதற்றம் கூடினால் வெளிச்சம் கூடும். ஒன்றரை மடங்கு என்பது எல்லை. மூன்றாம் படி காவல் செல் விழித்தல். எச்-கிளாட் சோதனையில் மனித இரத்தச் செல் வரிசை ஒன்றின் மேற்பரப்பில் சிடி86, சிடி54 என்னும் இரு குறிகள் உயர்கின்றனவா என்று பார்ப்பார்கள். நான்காம் படியான டி செல் பெருக்கத்துக்கு இவற்றுள் தனிச் சோதனை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இவற்றில் எந்த ஒன்றும் தனியாகப் போதாது என்பதால்தான், மூன்றில் இரண்டு ஒரே விடை சொன்னால் ஏற்கலாம் என்ற முறையை 2021 இல் ஓஇசிடி (பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) தன் 497 ஆம் வழிகாட்டியில் சேர்த்தது.

உங்கள் சுண்டெலியும் பொய்யே சொல்லாத அரிச்சந்திரன் அன்று. சோடியம் லாரில் சல்பேட்டு, வெறும் எரிச்சலை மட்டுமே தரும் நுரைப்பொருள். அதை ஒவ்வாமைப் பொருள் என்றது சுண்டெலி. உலகெங்கும் காதணியால் ஒவ்வாமை தரும் நிக்கலையோ தவறவிட்டது. சோப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் முதல் பிழை சிறியதன்று.

ஆரல்வாய்க் காற்று

பிழைகளை ஏற்கிறேன். உங்கள் குப்பியின் பிழைகளையும் சொல்லுங்கள். நீரில் கரையாத பொருளை எச்-கிளாட் தவறவிடுவதுண்டு. மூலக்கூறு எடை தெரியாத சாற்றுக் கலவையை டிபிஆர்ஏவில் எந்த விகிதத்தில் சேர்ப்பீர்கள்? அந்த அக்காவின் சோப்பு முழுவதுமே அப்படிப்பட்ட கலவைதானே? லிமோனீன் என்னும் மணப்பொருளைப் போல, காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகு வீரியம் பெறும் பொருளின் புதுப்புட்டி உங்கள் சோதனையில் தேறும். அதே புட்டி பாதி காலியாகி ஆறு மாதம் திறந்து மூடிய பிறகு?

கோட்டாற்று வேதியன்

இதற்கு மறுப்பு இல்லை. முடிந்த சோப்புக் கட்டியை இந்தச் சோதனைகளுக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண் செலவு என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்கெனவே உள்ள சோதனை விவரத்தை எடுத்து, தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு படுகிறது, கழுவிவிடுவதா பூசிவிடுவதா என்று கணக்கிடுவதே வழி.

முட்டம் செவிலி

அந்தக் கணக்கில்தான் உலகமே ஒருமுறை சறுக்கியது. மெத்தில் ஐசோதையசோலினோன் என்னும் பதப்படுத்தி ஒவ்வாமை தரும் என்பதைச் சோதனைகள் மறைக்கவில்லை. இருந்தும் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை சேர்க்கலாம் என்று 2005 இல் ஐரோப்பா அனுமதித்தது. ஈரத்துடைப்பான், பூச்சு, ஷாம்பு என்று எல்லாவற்றிலும் அது புகுந்தபின் ஒட்டுச் சோதனைக்கு வந்தவர்களின் முதுகுகள் சிவந்தன. 2013 இல் அமெரிக்கத் தொடு கரப்பான் சங்கம் அதை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது. 2017 இல் பூசிவிடும் பொருள்களில் ஐரோப்பா அதைத் தடை செய்தது. குப்பி பொய் சொல்லவில்லை, சுண்டெலியும் பொய் சொல்லவில்லை. ஒரே பொருள் ஒரே ஆளின் மேல் ஒரு நாளில் எத்தனை வழியாக வந்து சேர்கிறது என்பதைக் குறைத்து எடை போட்டதுதான் தவறு. நீங்கள் இருவரும் எந்தச் சோதனை பெரியது என்று மோதிக்கொண்டிருக்கிறீர்கள்.

புதுக்கடைப் பெண்

மனிதர்களையே வைத்து மூன்று வாரம் திரும்பத் திரும்ப ஒட்டி, இரண்டு வாரம் விட்டுவிட்டு மறுபடி ஒட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு என்று படித்தேன். அதையே கடைக்குக் கொடுத்துவிடலாமே?

முட்டம் செவிலி

கொடுக்கலாம், ஆனால் அப்படி ஒருவருக்கு ஒவ்வாமை ஊன்றிவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். காசுக்கு முதுகைக் கொடுப்பவர் பணக்காரராக இருக்கமாட்டார். தெரிந்த ஒவ்வாமைப் பொருள் உள்ள சோப்புக்கு அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

தேன்கூடு (மார்த்தாண்டம்)

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். குழுவில் பேசி 'ஒவ்வாமை தராது' என்பதை நீக்கிவிட்டோம். புல்லெண்ணெயின் அளவைப் பாதியாக்கியிருக்கிறோம். சிறு அடர்நிறப் புட்டிகளில் வாங்கி, திறந்ததை உடனே தீர்க்கிறோம். சிறு உற்பத்தியாளருக்குப் பொருள்வாரிக் கணக்கைப் போட்டுக் கொடுக்க மலிவான வழி இல்லை என்ற என் குறை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு இங்கே எவரும் பதில் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புது உறையில் 'எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்ந்தது; அதில் சிட்ரால் உண்டு; மணப்பொருள் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும்' என்று அச்சிட்டுக் கடைக்குக் கொண்டு போனேன். பழைய சான்றைப் பற்றி அவர் இம்முறை வாயே திறக்கவில்லை. உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சிட்ரால் என்று என்னவோ வேதிப்பொருளைக் கலந்திருக்கிறீர்களே, இயற்கைச் சோப்பு என்றல்லவா சொன்னீர்கள்?' என்று கேட்கிறார். அவருக்கு விளங்கும்படி யாராவது இரண்டு வரியில் எழுதித் தாருங்கள். வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன்.

ஆரல்வாய்க் காற்று

'புல்லில் கடவுள் வைத்ததைத்தான் உறையில் எழுதியிருக்கிறோம். நாங்கள் தனியாக எதையும் கலக்கவில்லை' என்று சொல்லுங்கள். வேதியன் எழுதினால் இரண்டு வரி இருபது வரி ஆகிவிடும்.