ஏழு நிமிடங்களுக்குக் கூடும் கூட்டம் பிறகு எங்கே போகிறது?

இரவுவான் (கேள்வி):

2012 ஆகஸ்டில் நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் (தரையில் ஓடும் ஆய்வு வண்டி) செவ்வாயின் கேல் பெருங்குழியில் இறங்கியபோது, நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நள்ளிரவு கடந்த பின்னும் மக்கள் கூடி நின்று, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த நேரலையைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அன்று உறங்கவில்லை. ஏழு மாதங்கள் கழித்து, 2013 மார்ச்சில், அதே ரோவர் துளையிட்ட சேற்றுப்பாறை ஒரு பழைய நீர்நிலையின் அடித்தரை என்றும், அந்த நீர் நுண்ணுயிர்கள் வாழத் தக்கதாக இருந்திருக்கும் என்றும் அறிவித்தார்கள். தரையிறக்கத்தைப் பற்றி என்னோடு மணிக்கணக்கில் பேசியவர்களில் ஒருவர்கூட அப்போது வாய் திறக்கவில்லை. நமக்குச் செவ்வாயின் மீது ஆர்வமா, அல்லது அந்த இயந்திரம் நொறுங்குமா பிழைக்குமா என்பதில் மட்டும்தான் ஆர்வமா?

இதோடு சேர்ந்த இன்னொரு ஐயமும் உண்டு. 2019 பிப்ரவரியில் ஆப்பர்ச்சுனிட்டி என்ற மற்றொரு செவ்வாய் ரோவரின் பணி முடிந்ததாக நாசா அறிவித்த நாளில், “என் மின்கலம் தீர்ந்துவருகிறது, இருட்டிக்கொண்டும் வருகிறது” என்பதே அதன் கடைசிச் செய்தி என்று எங்கும் பரவியது. நானும் அதைப் பகிர்ந்தேன்; கண்கலங்கினேன் என்று சொல்ல வெட்கமில்லை. அது அப்படி எதுவும் சொல்லவில்லை என்று பின்னர் அறிந்தபோது ஏமாற்றப்பட்டது போல் இருந்தது. இயந்திரத்துக்கு மனித முகம் வரைந்து நம் உணர்ச்சியைத் தூண்டுவது அறிவியலுக்கு நேர்மையான வழிதானா?

தூசுப்புயல்:

இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். அந்த வாக்கியம் நாசா வெளியிட்டதன்று. கடைசியாக வந்த தரவுகளின் பொருளைப் பொதுமக்களுக்குப் புரியும்படி ஒரு செய்தியாளர் தம் சொற்களில் சுருக்கி எழுதியது. “ஏறக்குறைய இப்படிச் சொன்னது” என்றே அவர் எழுதியிருந்தார். பகிரப் பகிர ‘ஏறக்குறைய’ உதிர்ந்துபோய், மேற்கோள் மட்டும் எஞ்சியது.

2018 ஜூன் 10 அன்று உண்மையில் வந்து சேர்ந்தவை எண்கள். காற்றில் தூசு எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவு 10.8 என்று வந்தது. தெளிவான நாள்களில் அது ஒன்றுக்கும் கீழே இருக்கும். அன்று சூரியத் தகடுகளிலிருந்து கிடைத்த ஆற்றல் 22 வாட்-மணி. ரோவர் புதிதாக இறங்கிய 2004இல் ஒரு செவ்வாய் நாளில் ஏறத்தாழ 900 வாட்-மணி கிடைத்துக்கொண்டிருந்தது. பத்து வாட் விளக்கு ஒன்றை இரண்டு மணி நேரம் எரிப்பதற்குப் போதுமான ஆற்றலை வைத்துக்கொண்டு, செவ்வாயின் இரவுக் குளிரில் தன் மின்னணுப் பாகங்களை வெதுவெதுப்பாக வைத்திருக்கவும் கடிகாரத்தை ஓடவிடவும் அதனால் இயலவில்லை. 90 நாள் பணிக்கென்று அனுப்பப்பட்டு 14 ஆண்டுகளுக்கும் மேல் ஓடிய வண்டி இது. அந்த எண்களை அப்படியே வெளியிட்டிருந்தாலும் நான் கலங்கியிருப்பேன். ஆகவே மொழிபெயர்ப்பைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. கியூரியாசிட்டி ஒவ்வோர் ஆண்டும் தனிமையில் தனக்குத்தானே பிறந்தநாள் வாழ்த்துப் பாடிக்கொள்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பாறைத் தூளைக் குலுக்கி இறக்குவதற்காக அதன் வேதியியல் கருவியில் அதிர்வுறும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அந்த அதிர்வை மெட்டாக மாற்றி 2013இல் ஒரு முறை இசைக்கச் செய்தார்கள், அவ்வளவே. நகைச்சுவையாகத் தொடங்கியது, இரக்கத்துக்குரிய கதையாக மாறிவிட்டது.

பாறைவாசகர்:

இரவுவான், தரையிறக்கத்தின் மீதான ஆர்வத்தை நீங்கள் இவ்வளவு தாழ்த்த வேண்டியதில்லை என்று கருதுகிறேன். மணிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்தைத் தொடும் கலம், ஏழு நிமிடங்களில் தரையில் அசையாமல் நிற்க வேண்டும். செவ்வாயின் காற்று கலத்தைச் சூடேற்றும் அளவுக்கு உண்டு. பாராசூட்டை மட்டும் நம்பி இறங்கும் அளவுக்கு இல்லை. கியூரியாசிட்டி இறங்கிய அன்று சமிக்ஞை பூமியை அடைய ஏறக்குறைய 14 நிமிடங்கள் ஆயின. அதாவது, கலம் வளிமண்டலத்தில் நுழைந்துவிட்டது என்ற செய்தி வந்தபோதே, அது தரையில் நின்றோ நொறுங்கியோ ஏழு நிமிடங்கள் ஆகியிருந்தன. முடிந்துபோன ஒன்றின் முடிவு தெரியாமல், உதவவும் இயலாமல் காத்திருக்கும் அந்த நிலை யாரையும் பிடித்து நிறுத்தும். அதை வேடிக்கை பார்ப்பது என்று சொல்லிவிட முடியாது. 2003 கிறிஸ்துமஸ் அன்று இறங்க வேண்டிய பிரிட்டனின் பீகிள் 2 கலம் அப்படியே மௌனமாகிவிட்டது. அது நொறுங்காமல் இறங்கியிருந்தது என்பதும், சூரியத் தகடுகள் முழுதும் விரியாததால் அவற்றின் அடியிலிருந்த அலைவாங்கி திறக்கப்படவில்லை என்பதும் 2015இல்தான், சுற்றுக்கலன் எடுத்த படங்களிலிருந்து தெரியவந்தன. பதினோரு ஆண்டுகளாகத் தோல்வி என்று எழுதப்பட்டிருந்த பணி, ஒரு தகட்டின் தொலைவில் வெற்றியைத் தவறவிட்டிருந்தது.

அதன் பிறகு கூட்டம் கலைவதற்குக் காரணம் மக்களின் மேலோட்டமான மனம் அன்று, வேலையின் வேகம். ரோவர் குழுவினர் இன்று ஒரு கட்டளைத் தொகுப்பை எழுதி அனுப்புவார்கள், அது நாளை நடக்கும், அதன் விளைவைப் பார்த்துவிட்டு மறுநாளுக்குத் திட்டமிடுவார்கள். செவ்வாயின் ஒரு நாள் நம்முடையதைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளமானது என்பதால், தொடக்க மாதங்களில் அவர்களுடைய உறக்கமும் உணவும்கூட நாள்தோறும் 40 நிமிடம் தள்ளிப்போகும். ஆப்பர்ச்சுனிட்டி 14 ஆண்டுகளில் 45 கிலோமீட்டர் கடந்தது. 1972இல் அப்பல்லோ 17இன் இரு வீரர்கள் நிலவில் மூன்று நாள்களில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வண்டி ஓட்டினார்கள். ஒரு ரோவர் குறையின்றி ஒரு முழு நாளில் செய்வதை, அங்கே நிற்கும் மனிதர் ஒரு நிமிடத்துக்குள் செய்துவிடுவார் என்று ஆப்பர்ச்சுனிட்டி பணியின் அறிவியல் தலைவராக இருந்த ஸ்டீவ் ஸ்குவைர்ஸே எழுதியிருக்கிறார். இதைக் கேட்டு உடனே மனிதரை அனுப்பலாம் என்போரிடம் நான் உடன்படுவதில்லை. மனிதர் போனால் அவர் உடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் போகும். பிறகு அங்கே உயிர் கண்டோம் என்று எவர் சொன்னாலும், அது எந்த ஊர் உயிர் என்று கேட்க வேண்டியிருக்கும்.

ஐயுறுநர்:

கூட்டத்தின் பரவசத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆய்வாளரின் பரவசம் செய்யும் சேதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 2012 நவம்பரில் கியூரியாசிட்டியின் தலைமை அறிவியலர், வந்துகொண்டிருக்கும் தரவுகள் வரலாற்று நூல்களில் இடம்பெறும் என்று ஒரு வானொலி நேர்காணலில் சொன்னார். உயிர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று உலகமே ஊகிக்கத் தொடங்கியது. சில வாரங்களில் முடிவு வந்தது: எளிய கார்பன் சேர்மங்கள் தென்பட்டன, அவற்றின் கார்பன் செவ்வாய்க்கு உரியதா, கருவியோடு பூமியிலிருந்து சென்றதா என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நல்ல அறிவியல்தான். ஆனால் எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களின் காதில் அது தோல்வியாகவே விழுந்தது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் 2024இல் ஜெசரோ பெருங்குழிக்குள் ஆறு நுழைந்த பழைய பள்ளத்தாக்கில், சிறுத்தைப் புள்ளிகள் போன்ற தடங்கள் கொண்ட பாறை ஒன்றைக் கண்டது. அந்தப் புள்ளிகளில் இரும்பும் பாஸ்பரசும் கந்தகமும் கலந்த கனிமங்கள் இருக்கின்றன. பூமியில் அத்தகைய கனிமங்கள் நுண்ணுயிர்களின் செயலாலும் உண்டாவதுண்டு, உயிரின்றியும் உண்டாவதுண்டு. 2025 செப்டம்பரில் அந்த ஆய்வு நேச்சர் இதழில் வெளியானபோது, உயிரின் தடமாக இருக்கக்கூடும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். என்னைப் பொறுத்தவரை கியூரியாசிட்டி இறங்கிய இரவைவிட இது பெரிய செய்தி. சதுக்கம் எதுவும் நிரம்பவில்லை.

நிரம்பாததற்கு விலையும் உண்டு. அந்தப் பாறையின் மாதிரி குழாயில் அடைபட்டு ரோவருக்குள்ளேயே இருக்கிறது. ஐயத்தைத் தீர்க்க அதைப் பூமியின் ஆய்வகங்களுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான திட்டத்துக்கு 800 கோடி முதல் 1,100 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2023இல் ஒரு தனித்த மதிப்பீட்டுக் குழு கூறியது. மறு ஆண்டில் நாசாவே அந்தத் திட்டம் தாங்க முடியாத செலவுடையது, மாதிரிகள் வந்து சேர 2040 ஆகிவிடும் என்று அறிவித்து, வேறு வழி தேடத் தொடங்கியது. முகமும் பெயரும் உள்ள வண்டியை அனுப்புவதற்கு மக்களின் ஆதரவைத் திரட்ட முடிகிறது. குழாய்களுக்காகக் குரல் கொடுக்க யாரும் வருவதில்லை. மனித முகம் வரைவது நேர்மையா என்று கேட்டீர்களே, என் குறை அது நேர்மையற்றது என்பதன்று. அந்த முகம் வண்டியோடு நின்றுவிடுகிறது என்பதுதான்.

இரவுவான்:

எண்களை அப்படியே தந்த தூசுப்புயலுக்கு நன்றி. நான் பகிர்ந்திருந்த பழைய வாக்கியத்தின் கீழே 22 வாட்-மணி என்பதையும் இப்போது சேர்த்துவிட்டேன். ஐயுறுநரிடம் ஒரு கேள்வி: எல்லாக் குழாய்களும் ரோவருக்குள்ளேயே இருந்தால், நாளை அது பழுதாகி எங்கேனும் நின்றுவிடும்போது அவையும் அதோடு சிக்கிக்கொள்ளாதா?

ஐயுறுநர்:

அந்த அச்சம் அவர்களுக்கும் இருந்தது. அதனால்தான் 2022 டிசம்பர் முதல் 2023 ஜனவரி வரை பத்துக் குழாய்களை, ஜெசரோவின் சமதளமான ஓரிடத்தில், ஒன்றுக்கொன்று சில மீட்டர் இடைவெளி விட்டு வளைந்து வளைந்து தரையில் வைத்துவிட்டுச் சென்றது பெர்சிவரன்ஸ். பின்னாளில் வரும் கருவி ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றை இடித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஒவ்வொன்றையும் வைத்த இடத்தின் படங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. ஆனால் நான் சொன்ன புள்ளிப் பாறையின் மாதிரி அந்தப் பத்தில் இல்லை; அது எடுக்கப்பட்டது அதற்குப் பிறகு.