கேட்ச் டேங்கில் மோர் நிறத்தில் என்ன?

குழு: பிரிஞ்சாங் குடும்பம் (கேமரன் மலை, மலேசியா)
வியாழக்கிழமை

ஈப்போ அத்தை (இரவு 7.40): அண்ணி, ஹைலக்ஸ் வண்டியின் இஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, சனிக்கிழமை அது வராது என்று இங்கே பசாருக்குக் காய் கொண்டுவந்த பையன் சொல்கிறான். பரிசத்துக்குப் பெண் வீட்டில் 21 தட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அதையெல்லாம் எதில் ஏற்றிவரப் போகிறீர்கள்?

அம்மா (7.44): எனக்கு ஒன்றும் தெரியாது. காலையில் கோஸ் ஏற்றிக்கொண்டு போன வண்டி திரும்பி வந்ததைத்தான் பார்த்தேன்.

தம்பி (7.46): அத்தை, வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இஞ்சின் வாயுவில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்க டிசம்பரில் அண்ணன் அனுப்பிய கேட்ச் டேங்க் டப்பாவை இன்று மதியம் முதல் முறையாகக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே அரை டப்பாவுக்கு மோர் போல வெளுப்பாக ஒன்று தேங்கியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு இஞ்சினில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார். அவர் சொன்னதுதான் எனக்கு முன்னால் ஈப்போ போய்ச் சேர்ந்திருக்கிறது.

தம்பி (7.47): [படம்]

கிள்ளான் அண்ணன் (7.51): ஹெட் கேஸ்கட் என்றால் பெரிய செலவு. அப்பா போன பிறகு வண்டியை விற்றுவிடலாம் என்று நான் அப்போதே சொன்னேன்.

அம்மா (7.52): அவர் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. இந்தக் குழுவில் விற்பதைப் பற்றி எழுதாதே.

தாப்பா சித்தப்பா (8.05): யாரும் பதற வேண்டாம். தம்பி, நீ மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல். ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் குறைந்திருக்கிறதா? ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஒட்டும் ஆயிலும் இதே போல வெளுத்திருக்கிறதா? சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? இஞ்சின் சூடாக இருந்தால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே.

தம்பி (8.19): மூன்றையும் பார்த்துவிட்டேன் சித்தப்பா. தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறது. ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது. வெள்ளைப் புகை இல்லை.

ஈப்போ அத்தை (8.20): அப்படியானால் கேஸ்கட் போகவில்லை, சரிதானே?

தாப்பா சித்தப்பா (8.31): கேஸ்கட்டைச் சந்தேகப்பட இப்போதைக்குக் காரணம் இல்லை, அக்கா. அந்த வெளுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு வேறு ஒரு செய்தி கிளம்பும். எவ்வளவு புதிய இஞ்சினாக இருந்தாலும் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் சட்டிப் பக்கம் இறங்கும். அது உள்ளேயே தங்கினால் அழுத்தம் ஏறி சீல்களைத் தள்ளிவிடும் என்பதால், இஞ்சினின் டாப் கவரிலிருந்து ஒரு ஹோஸ் வைத்து, காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்புகிறார்கள். அந்த வாயு தனியாகப் போவதில்லை, ஆயில் துளிகளையும் டீசல் எரிந்ததில் உண்டான நீராவியையும் சேர்த்துக்கொண்டு போகிறது. ஆயில் துளி அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் படிந்து, பிறகு காற்று நுழையும் மேனிஃபோல்டில், புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வழியாக வரும் கரியோடு சேர்ந்து தார் போல ஒட்டிக்கொள்கிறது. காற்று போகும் வழி வருடக்கணக்கில் சுருங்கி, ஏற்றத்தில் இழுவை குறைந்து, டீசல் கூடுதலாகக் குடிக்கும். இடையில் கேட்ச் டேங்கை வைத்தால் ஆயில் அதன் உள்தடுப்புகளில் மோதி வடிந்து அடியில் தங்கும். ஆயில் வராவிட்டாலும் கரி வரத்தான் செய்யும், ஆனால் அது காய்ந்த கரியாக இருக்கும், அவ்வளவாக ஒட்டாது.

இனி வெளுப்புக்கு வருகிறேன். பிரிஞ்சாங்கில் விடியற்காலையில் நல்ல குளிர். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர்தான். இஞ்சின் முழுதாகச் சூடேறும் முன்பே நீ நிறுத்திவிடுகிறாய். நீராவி வெளியேற நேரம் இல்லாமல் குளிர்ந்த டப்பாவின் சுவரில் தண்ணீராகி, ஆயிலோடு தயிர் கடைந்தது போலக் கலந்துவிடுகிறது. மலைக்குக் கீழே தாப்பாவில் ஓடும் வண்டிகளின் டப்பாவில் இவ்வளவு வெளுப்பை நான் பார்த்ததில்லை.

அம்மா (8.36): இப்போதுதான் மூச்சு வந்தது.

ஈப்போ அத்தை (8.37): எனக்கும்தான். தட்டுகளுக்கு மேலே தார்ப்பாய் கட்ட மறக்காதீர்கள், இங்கே மாலையில் மழை பெய்கிறது.

தாப்பா சித்தப்பா (8.39): அக்கா, வண்டி வரும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. தம்பி, மாட்டியதிலிருந்து அந்த டப்பாவை எத்தனை முறை வடித்தாய்?

தம்பி (8.45): வடிக்கவில்லை சித்தப்பா. 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

தாப்பா சித்தப்பா (8.46): இஞ்சின் ஓடும்போது டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பியிருந்ததா?

தம்பி (8.48): போன வாரம் இரண்டு முறை விரல் அகலத்துக்கு எழும்பியிருந்தது. நான்தான் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்தேன்.

தாப்பா சித்தப்பா (8.49): டப்பாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு.

தம்பி (8.57): [படம்] பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போல ஒரு உருண்டை இருக்கிறது. வெளுப்பு அதில் அப்பிக்கொண்டு, வாயால் ஊதினால்கூடக் காற்று போகவில்லை.

தாப்பா சித்தப்பா (9.14): நான் பயந்தது இதைத்தான். டீசல் இஞ்சினில் இந்த வாயு நிறுத்தாமல் வந்துகொண்டே இருக்கும், அதற்கு வழி அடைபடவே கூடாது. உன் டப்பா அடைத்துக்கொண்டதால்தான் உள்ளே அழுத்தம் ஏறி டிப் ஸ்டிக்கைத் தள்ளியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கிராங்க் சீலில் ஆயில் கசிந்திருக்கும். டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்க முடியாமல் அதன் சீல் வழியாகக் காற்றுக் குழாய்க்குள்ளேயே போயிருக்கும். அந்த நாரில் ஒரு இழை பிரிந்தாலும் டர்போவின் சக்கரம் அதை இழுத்துக்கொள்ளும், அந்தச் சக்கரம் சுற்றும் வேகத்தில் அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டப்பா நிரம்பினாலும் ஆபத்துதான். ஈப்போவுக்கு இறங்கும் சிம்பாங் பூலாய் பாதையில் வளைவும் இறக்கமுமாகப் போகும்போது அடியில் தேங்கியது அலம்பி, வெளியேறும் குழாயைத் தொட்டால் மொத்தமாக இஞ்சினுக்குள் போய்விடும். டீசல் இஞ்சின் தன் ஆயிலையே எரித்து ஓடும். நான் பட்டறையில் இருந்தபோது ஒரு லாரியில் இதை நேரில் பார்த்தேன். சாவியை எடுத்த பிறகும் இஞ்சின் அலறிக்கொண்டே வேகம் ஏறியது. காற்றுக் குழாயின் வாயில் ஒரு பலகையை வைத்து அழுத்தி அடைத்த பிறகுதான் நின்றது. அந்தச் சத்தம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

கிள்ளான் அண்ணன் (9.20): சித்தப்பா, 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியதிலிருந்து தோட்டத்துக் கணக்கு இடிக்கிறது என்று இவன்தான் என்னிடம் சொன்னான். இஞ்சின் சுத்தமாக இருந்தால் எண்ணெய் மிச்சமாகும் என்று நினைத்து, இணையத்தில் 80 வெள்ளிக்கு வாங்கி அனுப்பினேன். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன்.

அம்மா (9.21): உன்னை யாரும் குறை சொல்லவில்லை.

தம்பி (9.22): தாளை வாசிக்காமல் மாட்டியது நான், வடிக்காமல் விட்டதும் நான். அண்ணன் மேல் தவறு இல்லை.

தாப்பா சித்தப்பா (9.25): ஹோஸ் எங்கே வாங்கினாய்?

தம்பி (9.27): டப்பாவோடு வந்தது குட்டையாக இருந்தது. தானா ராத்தாவில் ஹீட்டர் ஹோஸ் வாங்கிப் போட்டேன். இப்போது அழுத்தினால் களி மாதிரி இருக்கிறது.

தாப்பா சித்தப்பா (9.41): ஹீட்டர் ஹோஸ் தண்ணீருக்கானது. ஆயில் பட்டால் அதன் ரப்பர் உப்பி, உள்பக்கம் உரியும். சாதாரண சிலிக்கான் ஹோஸும் சரிவராது, ஆயில் அதன் வழியாக வெளியே வியர்க்கும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ்தான் வேண்டும், உள் அகலம் கம்பெனி ஹோஸின் அகலத்துக்குக் குறையக்கூடாது. அடுத்த டேங்கை மாட்டும்போது இவற்றை மனத்தில் வை. டேங்கை இஞ்சினில் மாட்டாமல் பாடியில் இரும்புப் பட்டை வைத்து இறுக்க வேண்டும். டர்போவின் சூடு படாத இடமாக இருக்க வேண்டும். இஞ்சின் ஆடும்போது இழுபடாத அளவுக்கு ஹோஸில் தளர்வு விட வேண்டும், ஆனால் நடுவில் தொங்கிப் பள்ளமாக இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி அடைக்கும். டாப் கவரிலிருந்து வருவது உள்வாயில், டர்போவுக்குப் போவது வெளிவாயில். மாற்றி மாட்டினால் அது வெறும் டப்பா. வெளிவாயைத் திறந்துவிட்டு வாயுவைக் காற்றில் விடும் ஆட்களும் உண்டு, அதை நம் வீட்டு வண்டியில் செய்ய நான் விடமாட்டேன். அந்த நாற்றம் கேபினுக்குள் வரும், அம்மாவுக்கு ஏற்கெனவே இருமல். கழற்றி மாற்றும் ஃபில்டரும், அது அடைத்தால் தானே திறக்கும் வால்வும் உள்ள டேங்க்தான் டீசலுக்கு ஏற்றது.

நான் (9.44): ஈப்போவில் அப்படிப்பட்டது என்ன விலை, சித்தப்பா? தோட்டத்துக் கணக்கில் இந்த மாதம் இடமில்லை.

தாப்பா சித்தப்பா (9.46): நான் கேட்ட கடையில் ஹோஸ், கிளிப், அடியில் வடிக்கும் வால்வு எல்லாம் சேர்த்து 480 வெள்ளி என்றார்கள்.

கிள்ளான் அண்ணன் (9.47): நான் தருகிறேன்.

அம்மா (9.48): பரிசச் செலவே இன்னும் முடியவில்லை. அதைப் பிறகு பேசலாம்.

தாப்பா சித்தப்பா (9.52): சனிக்கிழமைக்குப் புதிய டேங்க் அவசரம் இல்லை. இருப்பதைக் கழற்றிவிட்டு, கம்பெனி ஹோஸைப் பழையபடி டாப் கவரிலிருந்து டர்போ குழாய்க்கு மாட்டினால் போதும், வண்டி பயமில்லாமல் ஈப்போ போய் வரும். அந்த ஹோஸ் எங்கே?

தம்பி (9.58): ஸ்டோரில்தான் வைத்தேன். இப்போது காணவில்லை.

அம்மா (10.02): வளைவாக, கறுப்பாக இருந்ததா? தீபாவளிக்கு முன்னால் குழாயடியில் வாளிக்குப் போடலாம் என்று எடுத்தேன்.

தம்பி (10.03): டேங்க் வந்ததே டிசம்பரில்தான், அம்மா. நீங்கள் சொல்வது வேறு ஹோஸ்.

நான் (10.11): கோழிக் கூண்டுக்குப் பின்னால் ஒன்று கிடக்கிறது. [படம்]

தாப்பா சித்தப்பா (10.14): இதுதான். ஓர் ஓரத்தில் வெடிப்பு போலத் தெரிகிறது, படத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாளை காலை நானே தாப்பா பாதையில் ஏறி வந்து பார்க்கிறேன். வெடித்திருந்தால் அக்கா ஈப்போவில் புதியது வாங்கி வைக்க வேண்டியிருக்கும்.

ஈப்போ அத்தை (10.15): வாங்கி வைத்தால் இங்கிருந்து மேலே யார் கொண்டுவருவது?

தம்பி (10.20): சித்தப்பா, வடித்ததை மினரல் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறேன், கால் லிட்டர் இருக்கும். ஆயில் தெளிந்தால் இஞ்சினுக்குள்ளேயே ஊற்றிவிடலாமா?

தாப்பா சித்தப்பா (10.26): ஊற்றக்கூடாது. அதில் தண்ணீரும் கரியும் அமிலமும் இருக்கின்றன. வாய்க்காலிலும் கொட்டாதே, அந்தத் தண்ணீர்தான் கீரைக்குப் போகிறது. இந்த நாட்டில் கழிவு ஆயில் அபாயக் கழிவுப் பட்டியலில் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் உள்ள கழிவு, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடு. புதிய டேங்க் மாட்டிய பிறகு முதல் 1,000 கிலோமீட்டரில் ஒரு முறை திறந்து பார். உன் ஓட்டத்துக்கு, குளிர் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடித்தாலும் அதிகமில்லை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு வந்தது என்று உன் அக்காவின் கணக்குப் புத்தகத்தில் எழுது. திடீரென்று அளவு கூடினால் டேங்கைப் பார்க்காதே, பிஸ்டன் ரிங்கைப் பார்.

நான் (10.28): அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிடுகிறேன்.

கிள்ளான் அண்ணன் (10.33): நாளை இரவே கிளம்பி வருகிறேன். ஹோஸ் சரிவராவிட்டால் தட்டுகளை என் காரிலும் அத்தையின் காரிலும் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஈப்போ அத்தை (10.34): வாழைத்தார் காரில் நிற்காது.

அம்மா (10.35): முதலில் வீட்டுக்கு வந்து சேர். ஏழு மாதம் ஆகிவிட்டது.