வளைகாப்புக்கு 50 பேர்: பேப்பர் வாழை இலை வாங்கலாமா?

வேளச்சேரி மீனா
அடுத்த ஞாயிறு தங்கச்சிக்கு எங்க ஃப்ளாட்டிலேயே வளைகாப்பு. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடை, பாயசம். ஹால் சின்னது, பந்தி போட முடியாது. மொட்டை மாடியில பாதிப் பேர் நின்னுட்டுத்தான் சாப்பிடணும். வீட்டுக்காரர், "பேப்பர் வாழை இலையும் பேப்பர் கப்பும் வாங்கிடலாம், பேப்பர்தானே, மக்கிடும்"ங்கறார். மாமியார், நிஜ இலை இல்லாம என்ன வளைகாப்புன்னு கேக்கறாங்க. நின்னுக்கிட்டு இலையில எப்படிச் சாப்பிடறது? பிளாஸ்டிக்கும் வேண்டாம், நானும் அம்மாவும் மறுநாள் முழுக்கப் பாத்திரம் தேய்ச்சுட்டு இருக்கவும் முடியாது. வழி சொல்லுங்க.

கோவை சரண்யா
பாக்குமட்டைத் தட்டு வாங்குங்க. கெட்டியா இருக்கும், ஒரு கையில பிடிக்கலாம், குழம்பு ஊத்தினாலும் தொங்காது. தானா உதிர்ந்த மட்டையைக் கழுவி, சூடான அச்சில அழுத்தி எடுக்கறது. பசை, கோட்டிங் எதுவும் இல்ல. எங்க கிரகப்பிரவேசத்துக்கு அதுதான் வச்சோம்.

அண்ணாநகர் ரவி
சரண்யா, நானும் அதையேதான் எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன். ஆனா 2025 மே மாசம் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பாக்குமட்டைத் தட்டு உணவுக்கு ஏற்றதில்லைன்னு சொல்லி இறக்குமதிக்குத் தடை போட்டாங்க. பாக்கில இருக்கற அரிக்கோலின் மாதிரியான ஆல்கலாய்டுகள் (செடியில இயற்கையா இருக்கற, உடம்பைப் பாதிக்கக்கூடிய ரசாயனங்கள்) தட்டிலிருந்து சாப்பாட்டில இறங்கலாம்ங்கறது அவங்க காரணம். ஒரு நாள் சாப்பிட்டா ஏதாவது ஆயிடும்னு நான் சொல்லல. ஆனா இது மாசமா இருக்கற பொண்ணுக்கு நடக்கற விசேஷம். வேற வழி இருக்கும்போது அது எதுக்கு?

இலைக்கடை பாண்டி
தங்கச்சி, எனக்கு மதுரையில இலைக்கடை. இது என் பொழப்பு, அதையும் மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல உங்க வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன வேலை குடுங்க. ஒரு பேப்பர் கப்பை ராத்திரி வெந்நீர்ல ஊறப்போட்டு, காலையில விரலால உரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. பேப்பர் கூழாப் போயிரும். உள்பக்கம் இருந்து மெல்லிசா ஒரு சவ்வு, கிழிக்கக் கிழிக்க இழுபடும், தனியா வரும். அது பிளாஸ்டிக். பளபளன்னு பச்சை அச்சுப் போட்டு விக்கிற பேப்பர் இலையிலயும் அதே சங்கதிதான். இல்லாட்டி தயிர் சாதத்துக்கு அது தாங்குமா? தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லருந்து தடை பண்ணின 14 சாமான்ல பிளாஸ்டிக் பூசுன பேப்பர் தட்டு, பேப்பர் கப்பு, சாப்பாட்டு மேசையில விரிக்கிற பிளாஸ்டிக் தாள் எல்லாம் உண்டு. அப்புறமும் கடைக்குக் கடை தொங்குது. அதை எங்ககிட்டக் கேக்காதீங்க.

உங்களுக்கு வேண்டியது வட்ட இலை. ஓட்டல்ல தட்டு மேல போட்டுத் தர்றாங்கள்ல, அதுதான். வாடகைப் பாத்திரக் கடையில எவர்சில்வர் தட்டு எடுத்துக்கங்க, தட்டு அளவைச் சொல்லி இலைக்கடையில வட்டமா வெட்டித் தரச் சொல்லுங்க. தட்டு கையில நிக்கும், சாப்பாடு இலையில இருக்கும். சாப்பிட்டு முடிச்சதும் இலையை உருவிப் போட்டா தட்டுல எண்ணெய்ப் பிசுக்கு ரொம்ப ஒட்டியிருக்காது, ஒரு அலசு அலசினாப் போதும். புளியோதரை எண்ணெய் தட்டுல இறங்கிருச்சுன்னா தேய்ச்சு மாளாது, அதுக்குச் சொல்றேன்.

உக்காந்து சாப்பிடற பெரியவங்களுக்கு மட்டும் நுனி இலை வாங்குங்க, மாமியாருக்கும் மனசு குளுந்துரும். பூவன் இலையாக் கேட்டு வாங்குங்க, மெல்லிசா வளைஞ்சு குடுக்கும். அடிப்பக்க நரம்பு தடிப்பா இருந்தா கத்தியால லேசாச் சீவி விட்டுருங்க, இலை மேசையில படிஞ்சு உக்காரும். சீவின எடத்துல பால் கசியும், துடைக்காம விட்டா மேசைத் துணியில கறை ஏறி ஜென்மத்துக்கும் போகாது.

நாள் என்னன்னு பஞ்சாங்கத்தைப் பாருங்க. வளர்பிறை முகூர்த்தம்னா இலை விலை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முன்னாடியே சொல்லி வச்சு, சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கங்க. ஈரத்துணியில சுத்தி நிழல்ல வைங்க. மடிச்சு ஃப்ரிட்ஜுல திணிச்சா மடிப்புல கறுத்துப் போகும், மறுநாள் அந்த எடத்துலதான் கிழியும்.

வேளச்சேரி மீனா
பாண்டி அண்ணா, வட்ட இலை எனக்குத் தோணவே இல்லை, ரொம்ப நன்றி. வீட்டுக்காரர் கப்பை ஊறப் போட்டிருக்கார். ரெண்டு சந்தேகம். கரும்புச் சக்கைத் தட்டு பத்தி என்ன சொல்றீங்க? அப்புறம், வட்டமா வெட்டின இலை மிச்சமானா?

அண்ணாநகர் ரவி
சக்கைத் தட்டுக்கு நான் சொல்றேன். பேப்பர் இலையை விட எவ்வளவோ மேல். ஆனா எண்ணெய் ஊறாம இருக்க சில தயாரிப்புகள்ல பிஎஃப்ஏஎஸ் வகை ரசாயனம் சேர்ப்பாங்க, அது மண்ணுல எளிதாச் சிதையாது. வாங்கறதா இருந்தா அது சேர்க்காததுன்னு அட்டையில போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. அதே மாதிரி சோள மாவுலருந்து எடுக்கற பிஎல்ஏங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச ஸ்பூன். 'மக்கும்'னு போட்டிருக்கும். அது மக்க 60 டிகிரி பக்கம் சூடு நிக்கற பெரிய உரக்கிடங்கு வேணும், நம்ம மாடித்தொட்டியில போட்டா அப்படியே கிடக்கும். கலந்த சாதத்துக்கு ஸ்பூன் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

இலைக்கடை பாண்டி
மிச்சமானா ராத்திரிக்கு அதுலயே இட்லி ஊத்துங்க. தட்டுக்குழிக்குத் தக்கன வெட்டி லேசா எண்ணெய் தடவினாப் போதும், இட்லித்துணியே வேண்டாம். எச்சில் இலையை மாட்டுக்குப் போடறதா இருந்தா கவர், பல்குச்சி எதுவும் கலக்காமப் பிரிச்சுப் போடுங்க. இல்லைன்னா ஈரக்குப்பைத் தொட்டி.

தண்ணிக்கும் பாயசத்துக்கும் வாடகை டம்ளரே எடுங்க, கழுவறதுக்கு ஒரு அம்மாவைக் கூலிக்கு வச்சுக்கங்க. பாயசத்துக்குத் தொன்னைன்னு யாராவது சொன்னா, இலைக்கடைக்காரனே சொல்றேன், வேண்டாம். ஒழுகும். வர்றவங்க எல்லாம் பட்டுச்சேலை.