மருந்தை நிறுத்தச் சொன்ன ஜெபம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 16 வருடம் ஆகிறது. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. போன வருடம் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), தெரிந்த அக்கா ஒருவர் கூப்பிட்டார் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முழு இரவு ஜெபத்துக்குப் போனார். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டதே நான்தான். அங்கே ஓர் ஊழியக்காரர் அம்மாவின் தலையில் கைவைத்து ஜெபித்து, "சுகமாயிற்று. இனி ஊசி போட்டால் அது அவிசுவாசம்" என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா ஊசியை நிறுத்தியது எனக்குத் தெரியாது. முகம் நன்றாகத்தான் இருந்தது, பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தார். ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் மூச்சு வேகமாக இழுத்தது, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தூங்கித் தூங்கி விழுந்தார். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 512. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், அதில் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும், அதுதான் மூச்சை அப்படி இழுக்கவைத்தது என்று டாக்டர் விளக்கினார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான்கு நாள் ஐசியூ. அந்த ஜெபக்குழுவிலிருந்து ஒரே ஒரு போன் வந்தது. "வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருக்கிறது, பிரதர். அதனால்தான் சுகம் நிலைக்கவில்லை."

இந்த வாக்கியத்தைத்தான் ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். குணமானால் அவர்களுடைய ஜெபம். குணமாகாவிட்டால் எங்கள் குறை. எது நடந்தாலும் அவர்கள் சொன்னது தப்பாகவே ஆகாது. தப்பாக ஆகவே முடியாத ஒரு பேச்சை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். அன்று அந்த மண்டப வாசலில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆனால் உண்மையில் யோசித்தது அம்மாதான். வார்டுக்கு மாற்றிய அன்று இரவு பைபிளைக் கேட்டார். 2 இராஜாக்கள் 20-ஐத் திறந்து என் கையில் கொடுத்தார். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார். "உன்னைக் குணமாக்குவேன்" என்று கர்த்தரே சொல்லிவிட்டார், ஆயுசில் 15 வருடம் கூட்டியும் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைக்கிறார். "வாக்குக் கொடுத்த பிறகும் மருந்து போட்டிருக்காங்க, கண்ணு. நான் இதை எத்தனை தடவை படிச்சிருக்கேன், நின்னு பார்க்கலையே" என்றார்.

கேள்வி கேட்டதால் உங்கள் விசுவாசம் என்ன ஆனது? வளர்ந்ததா, போய்விட்டதா? இரண்டையும் கேட்க விரும்புகிறேன்.

ஏற்காட்டிலிருந்து

அண்ணா, அம்மா நலமாக இருப்பதற்கு ஆண்டவருக்கு நன்றி. நான் கத்தோலிக்கன். காபித் தோட்டத்தில் வேலை, ஞாயிறு பூசைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன்.

புதுமைகளை, அதாவது அற்புதங்களை, நம்புகிறவன்தான் நான். ஆனால் பிரான்ஸில் உள்ள லூர்து நகரில் அதை எப்படிக் கையாளுகிறார்கள் பாருங்கள். 1858-இல் மாதா காட்சி கொடுத்த இடம். 1883-இலேயே அங்கே மருத்துவர்களை வைத்து விசாரிக்க ஓர் அலுவலகம் அமைத்துவிட்டார்கள். பழைய மருத்துவக் குறிப்புகள் வேண்டும், குணம் பல வருடம் நிலைத்திருக்க வேண்டும், சிகிச்சையால் வந்த குணமாக இருக்கக் கூடாது. இதுவரை 7,000-க்கும் மேற்பட்டவர்கள் குணமானோம் என்று பதிந்திருக்கிறார்கள். திருச்சபை புதுமை என்று ஏற்றது ஏறத்தாழ 70 மட்டும். 99 சதவீதத்தை ஏற்காமல் விட்ட பிறகும் அங்கே கூட்டம் குறையவில்லை. விசாரித்தால் விசுவாசம் செத்துவிடும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் பனி இறங்கி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், கடவுள் சூரியனை நாலாவது நாள்தானே படைச்சார்? அப்போ முதல் மூணு நாள் சாயங்காலம், காலைன்னு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை, அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஃபாதரிடம் கேட்டால், மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் என்ற மறை அறிஞர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், அந்த நாட்களை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதையே காரணமாகவும் காட்டியிருக்கிறார் என்றார். அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அன்றிலிருந்து முதல் பெஞ்சில் உட்காருகிறாள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

எங்களுடையது கலப்பு வீடு. நான் சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட்), என் வீட்டுக்காரர் ஆர்சி (கத்தோலிக்கர்). கல்யாணமான புதிதில் இரவு ஜெபத்தில் ஆளுக்கொரு பைபிள் வைத்துக்கொள்வோம். என்னுடையது பாட்டி கொடுத்த பழைய மொழிபெயர்ப்பு. அவருடையது 1995-இல் வந்த திருவிவிலியம். 1 யோவான் 5:7 வந்தது. என் புத்தகத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்று என்று இருக்கிறது. அவருடையதில் அந்த வரியே இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. வேதத்தில் ஒரு வரியை எடுப்பார்களா?

எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போனேன். மழுப்புவார் என்று நினைத்தேன். உட்காரவைத்து, பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்த வரி கிடையாது, எராஸ்மஸ் என்ற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் முதல் இரண்டு பதிப்பிலும் இல்லை, 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது, அங்கிருந்து பல மொழிகளுக்குப் போனது என்று சொன்னார். எடுக்கவில்லை அம்மா, பின்னால் சேர்ந்த வரியைத் திருவிவிலியத்தில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்றார். திரித்துவம், அதாவது மூவரும் ஒரே கடவுள் என்ற நம்பிக்கை, அந்த ஒரு வரியில் தொங்கவில்லை என்றும் சொன்னார்.

மூன்று நாள் தூக்கமில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் பிரசங்கத்தில் எது சொன்னாலும் நம்பிக் கேட்கிறேன். எனக்குத் தெரியக் கூடாது என்று அவர் எதையும் மறைக்கவில்லை, அல்லவா?

சூரமங்கலத்திலிருந்து

என் கதை வேறு. 19 வயதில் வாலிபர் கூட்டத்தில் கேட்டேன். 1 சாமுவேல் 15-இல் அமலேக்கியர் என்ற எதிரி இனத்தாரின் குழந்தைகளையும் பால்குடிக்கிற பிள்ளைகளையும் கொல்லச் சொல்வது எப்படி அன்பான கடவுளின் கட்டளையாகும் என்று. கிண்டலுக்குக் கேட்கவில்லை, அழுதுகொண்டே கேட்டேன். "உனக்குள் இருந்து பிசாசு பேசுகிறான்" என்றார்கள். பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள்.

எட்டு வருடமாகப் போவதில்லை. கோபம் போய்விட்டது, போக வேண்டும் என்ற எண்ணமும் போய்விட்டது. மேலே எழுதிய மூவருக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். எனக்குப் பதில்கூட வேண்டியிருக்கவில்லை. "எனக்கும் இது புரியவில்லை தம்பி" என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

அஸ்தம்பட்டியிலிருந்து

சூரமங்கலம் தம்பிக்கு. உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அதிகாரம் வந்தா எனக்கும் தொண்டையை அடைக்கும். வேகமாப் படிச்சுத் தாண்டிடுவேன். அந்தப் பையன் தாண்டாம நின்னிருக்கான்" என்றார்.

எங்கள் இருவரிடமும் அதற்குப் பதில் இல்லை. அஸ்தம்பட்டி பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், சபைக்குக் கூப்பிட மாட்டோம். இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் அம்மா ஊசி போட்டுக்கொண்டு ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடுவார், அப்புறம் பேச முடியாது.