பைப் உறைந்து வெடித்த அனுபவங்கள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

குளிர்காலம் நெருங்குகிறது. பைப் உறைந்தோ வெடித்தோ அவதிப்பட்டவர்கள் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். முதலில் என் கதை.

எங்கள் சமையலறை சிங்க் வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறது. ஒரு நாள் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக வந்து அப்படியே நின்றுவிட்டது. குளியலறையில் மட்டும் வழக்கம்போல் வந்தது. ஆக, சப்ளை நிற்கவில்லை, சமையலறைக்கு வரும் கிளையில்தான் அடைப்பு. சிங்குக்குக் கீழே அலமாரியைத் திறந்து டார்ச் அடித்தேன். பைப் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியாக வெளிக்காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. பைப்பின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

மனைவியை மெயின் வால்வு பக்கத்தில் நிற்கச் சொன்னேன். குழாயைத் திறந்தே வைத்துவிட்டு ஹேர் டிரையரை எடுத்தேன். குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லச் சுவரை நோக்கி நகர்த்த வேண்டும். நடுவில் சூடாக்கினால் உருகுகிற நீருக்குப் போக வழியிருக்காது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் குழாய் இரண்டு முறை துப்பியது, சுண்டுவிரல் பருமனில் ஒரு ஐஸ் துண்டு சிங்கில் வந்து விழுந்தது, பின்னாலேயே தண்ணீர். விரிசல் எதுவும் இல்லை. அன்றைக்கே அந்த இடைவெளியை ஃபோம் அடித்து மூடினேன். கடுங்குளிர் ராத்திரிகளில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துவிடுகிறோம், அறையின் சூடு உள்ளே போகட்டும் என்று.

* * *

அண்ணே, நான் பிளம்பிங் வேலை பார்ப்பவன். நீங்கள் குழாயைத் திறந்து வைத்தது நல்ல காரியம். ஏன் என்று சொல்கிறேன்.

ஐஸ் விரிந்து பைப்பைப் பிளக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிவது உண்மைதான். ஆனால் பிளவு பெரும்பாலும் ஐஸ் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை. ஐஸ் அடைப்பு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் நெருக்கப்படுகிறது. அந்த அழுத்தம் தாங்காமல்தான் பைப் போகிறது. அதனால் துளிகூட உறையாத, கதகதப்பான உள்பக்கத்தில் வெடித்திருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் குழம்பிப்போவார்கள். செம்பு பைப் என்றால் நீளவாக்கில் உப்பி, மீன் வாயைத் திறந்ததுபோல் பிளந்திருக்கும். பிளாஸ்டிக்கில் வளைந்து கொடுக்கும் பெக்ஸ் வகை கொஞ்சம் தாங்கும், ஆனால் அதிலும் இணைப்புகள் விட்டுப்போகலாம்.

இன்னொன்று. உறைந்திருக்கும் வரை வெடித்த பைப் ஒழுகாது, ஐஸே அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் காலையில் தண்ணீர் வரவில்லை, ‘சரி, சாயங்காலம் பார்க்கலாம்’ என்று எல்லாரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். மதியம் வெயில் ஏறியதும் உருகிவிட்டது. நான் போனபோது மாடிப்படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உறைந்த பைப் கண்ணுக்குத் தெரிந்தால் அண்ணன் செய்த மாதிரி வால்வுக்கு ஓர் ஆளை நிறுத்திவிட்டு உருக்கலாம். சுவருக்குள்ளோ பரணிலோ இருந்தால் மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் மற்ற வேலை. தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள்.

ஆபத்து நேரத்தில் அந்த வால்வு திரும்பாமல் இறுகிக் கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறையாவது மூடித் திறந்து பாருங்கள். பழைய திருகு வால்வு என்றால் முழுக்கத் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள், இறுகாது.

தீச்சுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். சுவருக்குள் மரச்சட்டம் பற்றிக்கொள்ளும், பைப்புக்குள் நீர் ஆவியாகி வெடிக்கவும் கூடும்.

* * *

நாங்கள் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மேல் வீட்டுக்காரர்கள் ஹீட்டிங்கை முழுக்க அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். ஒரு ராத்திரி எங்கள் கூடத்துச் சீலிங்கில், விளக்குக்குப் பக்கத்தில், பெயின்ட் தொப்பையாகத் தொங்கியது. தொட்டால் மெத்தென்று இருந்தது. நான் விளக்கைப் போடப் போனேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் இருந்தே, ‘தம்பி, சுவிட்சைத் தொடாதே! முதலில் மெயினை அணை!’ என்று கத்தினார். மின்பெட்டி நல்லவேளையாக ஈரம் படாத வராந்தாவில் இருந்ததால் உடனே அணைக்க முடிந்தது.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு வேடிக்கையாகப் பட்டது: ‘அந்தத் தொப்பையில் ஒரு ஓட்டை போடு.’ இருக்கிற சேதம் போதாதா என்றேன். ‘அதுவாக இடிந்தால் மொத்தச் சீலிங்கும் தலையில் விழும். நாமாக ஓட்டை போட்டால் வாளியில் விழும்’ என்றார். விளிம்போரமாக நின்று ஸ்க்ரூ டிரைவரால் குத்தினோம். மஞ்சள் நிறத்தில் வாளி வாளியாகக் கொட்டியது. சீலிங் தப்பியது, ஓட்டையைப் பூசிவிட்டார்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் ஹீட்டிங்கை அணைக்காதீர்கள், 12 அல்லது 13 டிகிரியிலாவது ஓடட்டும். மிச்சமாகும் காசைவிடச் சேதம் பல மடங்கு. வீட்டுக் காப்பீடு இருந்தால் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஆளில்லாத வீட்டில் ஹீட்டிங் ஓடவில்லை என்றால் இழப்பீடு தர மறுக்கும் நிபந்தனை பலவற்றில் உண்டு.

* * *

தோட்டக் குழாயை யாருமே சொல்லவில்லையே! எதிர் வீட்டில் உறையாத வகைக் குழாய்தான் போட்டிருந்தார்கள். கைப்பிடி வெளியே இருந்தாலும் அதன் வால்வு சுவர் தாண்டி வீட்டின் உள்ளே இருக்கும். மூடியதும் நடுவில் உள்ள தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஆனால் ஹோஸை மாட்டியபடியே விட்டால் எங்கே வடியும்? அது உள்ளேயே உறைந்து பிளந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க ஒருவருக்கும் தெரியவில்லை. வசந்தத்தில் செடிக்குத் தண்ணீர் விடத் திறந்தபோது பாதித் தண்ணீர் தோட்டத்துக்கு, பாதி சுவருக்குள். பெயரைக் கேட்டு நம்பாதீர்கள், ஹோஸைக் கழற்றுங்கள். சாதாரண வகை என்றால் உள்ளே இருக்கும் தனி வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடித்துவிடுங்கள்.

* * *

எங்களுக்குப் பைப் வெடிக்கவில்லை, வீட்டைச் சூடாக்கும் பாய்லர்தான் நின்றுபோனது. களக்... களக் என்று சத்தம். அதிலிருந்து வெளியே கழிவுநீர் போகும் மெல்லிய பிளாஸ்டிக் பைப் உறைந்திருந்தது. வெந்நீர், கொதிநீர் இல்லை, வெதுவெதுப்பானது, அதை மேலே ஊற்றியதும் உருகிவிட்டது. பாய்லரை ரீசெட் செய்தோம், ஓடியது.

* * *

பிளம்பர் தம்பிக்கு ஒரு கேள்வி. பைப் முழுக்க ஃபோம் உறை போட்டிருக்கிறேன். அது போதாதா? குழாயைச் சொட்டவிடச் சொல்கிறார்கள், எனக்கு அது தண்ணீரை வீணடிப்பதாகத்தான் படுகிறது.

* * *

அக்கா, உறை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சூடே இல்லாத பரணில் நாள்கணக்கில் தண்ணீர் அசையாமல் நின்றால் உறைக்குள்ளேயே உறைந்துவிடும். அந்த மாதிரி இடத்துக்கு மின்சாரத்தில் சூடாகும் கேபிள் இருக்கிறது. தானே சூட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகையை வாங்குங்கள். சாதாரண வகையை ஒன்றன்மேல் ஒன்று படும்படி சுற்றினால் தீப்பிடிக்கும். குளிர் அதிகமில்லாத ஊர் என்றும் அலட்சியம் வேண்டாம். 2021 பிப்ரவரிக் குளிரில் அமெரிக்காவின் டெக்சாஸில் வீடு வீடாகப் பைப் வெடித்தது. குளிரை எதிர்பார்க்காத ஊர்களில் பைப்பைப் பரணிலும் வெளிச்சுவரிலும் பாதுகாப்பில்லாமல் கொண்டுபோவது வழக்கம்.

சொட்டுவிடுவது பற்றி நீங்கள் சொல்வதும் நியாயம்தான், தினமும் தேவையில்லை. வெளியே மைனஸ் 6, 7க்குக் கீழே போகும் ராத்திரிகளில் மட்டும் போதும். ஓடும் தண்ணீர் உறையாது என்பதற்காக அல்ல, மெல்லிய ஓட்டமும் உறையலாம். ஆனால் குழாய் திறந்திருப்பதால் அந்த அழுத்தம் ஏறாது. எல்லாக் குழாயையும் விடாதீர்கள், வெளிச்சுவர்ப் பைப்பிலிருந்து தண்ணீர் வருகிற குழாயை மட்டும் விடுங்கள். வெந்நீர்ப் பைப்பும் உறையும், அதனால் இரண்டு பக்கமும் சொட்ட வேண்டும். ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் நடுவில் வைத்துவிடுங்கள்.