புதுப்பிப்பு: பொன்னியின் செல்வனும் காணாமல் போன கடைசித் தாள்களும்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ஐந்து பாகம் படித்தும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாரென்று கல்கி தெளிவாகச் சொல்லவில்லை, கதையும் சட்டென்று முடிந்துவிட்டது என்று. "முடிவுரையைப் படித்தீர்களா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. என்னுடையது பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஐந்தாம் பாகமான ‘தியாகச் சிகர’த்தின் கடைசித் தாள்கள் அதில் இல்லவே இல்லை.

அப்புறம் அத்தை வீட்டுப் பிரதியில் படித்தேன். 1954-இல் தொடர் முடிந்தபோதே வாசகர்கள் இதே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார், வந்தியத்தேவன் குந்தவை கல்யாணம் வரைக்கும்! சரி, ‘சட்டென்று’ என்ற புகாரை வாபஸ் வாங்குகிறேன்.

கொலை விஷயத்தில் ஏமாற்றம் அப்படியேதான் இருக்கிறது. கரிகாலனைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியையும் அவள் கையிலிருந்த அந்த மீன் சின்ன வாளையும் வைத்து அவ்வளவு பில்டப் கொடுத்துவிட்டு, நேரம் பார்த்து விளக்கை அணைத்துவிட்டால் எப்படி?