ஹண்டிங்டன் எம்ஆர்ஐ: காடேட் சுருங்கியிருக்கிறதா என்று அளந்து சொல்வது எப்படி?

கதிர்மேசை கேட்டது:

வணக்கம். கொரியாவுக்காக (கட்டுப்பாடின்றி வரும் துள்ளல் அசைவு, ஹண்டிங்டன் என்ற மரபணு நோயின் முக்கிய அறிகுறி) வருபவர்களின் மூளை எம்ஆர்ஐயில் "லேசான காடேட் அட்ரோஃபி" (மூளையின் ஆழத்தில் உள்ள காடேட் என்ற நரம்புத் திரளின் சுருக்கம்) என்று ரிப்போர்ட் போகிறது. அதே படத்தை இன்னொருவர் பார்த்தால் "வயதுக்கேற்ற மாற்றம்" என்கிறார். கண்மதிப்பை நம்பாமல் எண்ணாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த வெட்டில், எங்கிருந்து எங்கே அளக்கணும்? வயதால் வரும் சுருக்கத்தை எப்படிப் பிரிப்பது? ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ், ஆனால் எம்ஆர்ஐ நார்மல் என்று வந்தால் நாம் எதையோ தவறவிட்டோம் என்று அர்த்தமா?

அச்சுவெட்டு:

முதலில் தளத்தைச் சரிபாருங்கள், அளவெல்லாம் அப்புறம். ஏசி-பிசி கோட்டுக்கு (மூளை நடுவே முன்னும் பின்னும் உள்ள இரண்டு அடையாளப் புள்ளிகளை இணைக்கும் கோடு) இணையான ஆக்ஸியல், அதாவது கிடைமட்ட, வெட்டில்தான் அளக்கணும். தலை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் காடேட்டின் தலைப்பகுதியும் மறுபக்கம் உடல்பகுதியும் ஒரே வெட்டில் விழும். உடல்பகுதி இயல்பிலேயே மெலிசு. அதைப் பார்த்துவிட்டு "ஒருபக்கச் சுருக்கம்" என்று எழுதுவது அடிக்கடி நடக்கிற பிழை. 1 மிமீ கனசதுர வாக்ஸெலில் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) 3டி டி1 (மூளையின் வடிவத்தைத் தெளிவாகக் காட்டும் படவகை) எடுத்திருந்தால் வொர்க்ஸ்டேஷனில் திருப்பி நேராக்கிக்கொள்ளலாம். 5 மிமீ வெட்டுகள் மட்டும் இருந்தால், ஒரே வெட்டுக்குள் வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) நீரும் காடேட்டும் கலந்து ஓரம் மங்கிவிடும்.

மூன்று அளவு போதும். எஃப்எச்: இரண்டு ஃப்ரண்டல் ஹார்ன்களின் (வென்ட்ரிக்கிளின் முன்கொம்புகள்) வெளிச்சுவர்களுக்கு இடையே அதிகபட்ச அகலம். சிசி: இரண்டு காடேட் தலைகளின் உள்விளிம்புகள் மிக நெருங்கும் இடத்தில் உள்ள இடைவெளி. ஐடி: சிசி எடுத்த அதே மட்டத்தில் மண்டையோட்டின் உட்புற அகலம்.

எஃப்எச்/சிசி இயல்பாக 2.2 முதல் 2.6 வரை. சிசி/ஐடி 0.09 முதல் 0.12 வரை. காடேட் தேயத் தேய சிசி கூடும். முதல் விகிதம் 1-ஐ நோக்கி இறங்கும், இரண்டாவது ஏறும். ஒரு கணக்கு பாருங்கள்: எஃப்எச் 36, சிசி 15, ஐடி 130 என்றால் 2.4, 0.115. இது இயல்பு. அதே மண்டையில் எஃப்எச் 38, சிசி 24 என்றால் 1.58, 0.185. இங்கே தயங்க ஒன்றுமில்லை.

வயதுச் சுருக்கத்தில் மூளை முழுவதும் இளைக்கிறது. எஃப்எச், சிசி இரண்டும் சேர்ந்தே விரிகின்றன. எஃப்எச் 42, சிசி 19 என்று வைத்தால் சிசி/ஐடி 0.146-க்குப் போய்விடும், ஆனால் எஃப்எச்/சிசி 2.2-லேயே நிற்கும். ஆக, சிசி/ஐடி-யை மட்டும் பார்த்து ஹண்டிங்டன் என்று கை நீட்டக் கூடாது. வென்ட்ரிக்கிளில் நீர் கோத்திருந்தாலும் இதே குழப்பம் வரும். அப்போது காடேட்டின் தடிமனைப் பாருங்கள்: நீர் அழுத்தத்தில் காடேட் வெளிப்பக்கம் தள்ளப்படும், தேய்ந்து போயிருக்காது.

எண்ணோடு வடிவத்தையும் ஒரு வரி எழுதுங்கள். ஆரோக்கியமான காடேட் தலை ஃப்ரண்டல் ஹார்னுக்குள் வயிறு தள்ளி நிற்கும். தேய்வு கூடும்போது அந்த வயிறு சின்னதாகும், அடுத்து தட்டையாகும், கடைசியில் உள்வாங்கிக் குழியும். ஹார்ன் பெட்டி மாதிரி தெரிவது அதனால்தான். என்னைக் கேட்டால் கரோனல் (முகத்துக்கு இணையான) வெட்டில்தான் இது தெளிவு. அளவெடுக்க ஆக்ஸியல், கண்ணுக்குக் கரோனல். காடேட்டுக்குப் பக்கத்தில் உள்ள புடாமென் என்ற திரளையும் விட்டுவிடாதீர்கள். அதுவும் கூடவே இளைக்கிறது. ரிப்போர்ட்டில்தான் யாரும் எழுதுவதில்லை.

நரம்புமுடிச்சு:

மூன்றாவது கேள்விக்கு: இல்லை, தவறவிட்டதாக அர்த்தமில்லை. நரம்பு நோயியலாளர் வான்சாட்டெல் 1985-இல் வகுத்த நோயியல் தரவரிசை 0 முதல் 4 வரை. அதில் 0-ஆம் தரத்தில் மூளையை வெட்டி வெறும் கண்ணால் பார்த்தால் எதுவுமே தெரியாது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் காடேட் தலையில் 30–40% நியூரான்கள் போயிருக்கும். 1-ஆம் தரத்தில் பாதி போயிருக்கும். அப்போதும் வடிவம் பெரிதாக மாறாது. 4-ஆம் தரத்தில் 95% வரை இழப்பு. ஒரு படத்தைக் கண்ணால் பார்த்து "நார்மல்" என்று சொல்வது எவ்வளவு பலவீனமான சாட்சி என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாததைக் கன அளவு காட்டிவிடும். மரபணு மாற்றம் உள்ளவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வுகளில், அசைவுக் கோளாறு வெளிப்படுவதற்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன்பே காடேட், புடாமென் கன அளவு குறையத் தொடங்குவது பதிவாகியிருக்கிறது. எஃப்டிஜி பெட்டில் (குளுக்கோஸ் பயன்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) ஸ்ட்ரயேட்டத்தின் (காடேட்டும் புடாமெனும் சேர்ந்த பகுதி) குளுக்கோஸ் பயன்பாடு அதற்கும் முன்பே குறையலாம். 2022-இல் வெளியான எச்டி-ஐஎஸ்எஸ் என்ற ஹண்டிங்டன் நிலை வகுப்பு இதை அடிப்படையாக்கியது: ஜீனில் சிஏஜி என்ற எழுத்துத் தொடர் 40 அல்லது அதற்கு மேல் முறை திரும்ப வந்தால் நிலை 0, காடேட் அல்லது புடாமென் கன அளவு வரம்புக்குக் கீழே போனால் நிலை 1, அறிகுறி வந்தால் 2, அன்றாடச் செயல்பாடு குறைந்தால் 3. இது ஆராய்ச்சிக்காக வகுத்தது. ரிப்போர்ட்டில் "நிலை 1" என்று எழுதிவிடாதீர்கள். அந்த வரம்புகள் குறிப்பிட்ட மென்பொருளில் கணக்கிட்டவை, வேறு மென்பொருளின் எண்ணை அதில் பொருத்தினால் தப்பாகும்.

இளவயதில் வரும் வகையில், அதாவது 20 வயதுக்குள், சிஏஜி பெரும்பாலும் 60-க்கு மேல் இருக்கும். கொரியாவைவிட விறைப்புதான் முன்னால் நிற்கும், வலிப்பும் வரலாம். அவர்களுக்கு டி2-வில் (நீர் வெள்ளையாகத் தெரியும் படவகை) காடேட்டும் புடாமெனும் வெளிறித் தெரியக்கூடும். பெரியவர்கள் படத்தில் அந்த வெளிறல் தெரிந்தால், முதலில் வேறு காரணம் தேடுங்கள்.

கதிர்மேசை:

தெளிவாக இருக்கிறது, நன்றி. இரண்டு உபகேள்வி. அசைவால் படம் கலங்கிவிடுகிறது, என்ன செய்வது? ஒரு வருடம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டு "கூடியிருக்கிறது" என்று சொல்லலாமா?

அச்சுவெட்டு:

3டி டி1-ஐ முதல் சீக்வென்ஸாக (எம்ஆர்ஐயில் ஒரு தடவை எடுக்கும் படத்தொடர்) போடுங்கள். நேரம் ஆக ஆகப் பதற்றமும் அசைவும் கூடும். கடைசிக்கு வைத்தால் அதுதான் கெடும். டி2-வுக்கு புரொப்பெல்லர் அல்லது பிளேடு மாதிரி அசைவு தாங்கும் முறை. தலைக்கு இரு பக்கமும் பஞ்சு வைத்து நிரப்புங்கள், ஆனால் இறுக்கிக் கட்ட வேண்டாம், எதிர்த்துத் தள்ளத்தான் செய்வார்கள். கொரியா தூக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், அதனால் மயக்க மருந்து வேலை செய்யும். ஆனால் இவர்களுக்கு விழுங்குவதில் சிக்கல் சாதாரணம். மயக்கத்தில் எச்சில் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. மயக்கவியல் மருத்துவர் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கலங்கிய டி1-ஐக் கன அளவு மென்பொருளில் போட்டால் அது மறுக்காமல் ஒரு எண்ணைத் தரும். பெரும்பாலும் கார்டெக்ஸையும் (மூளையின் வெளிப்புறணி) காடேட்டையும் உண்மையைவிடச் சின்னதாகக் காட்டும். அசைவு கூடிய நோயாளிக்கே சுருக்கமும் கூடியதாகத் தெரிவதில் ஒரு பகுதி இந்தப் பொய்தான். வெளிக்கோட்டை ஒவ்வொரு வெட்டாகக் கண்ணால் சரிபார்க்காமல் எண்ணை எழுதக் கூடாது.

ஒப்பிடணும் என்றால் அதே ஸ்கேனர், அதே காயில் (தலையைச் சுற்றி வைக்கும் சிக்னல் வாங்கும் சுருள்), அதே சீக்வென்ஸ், அதே மென்பொருளின் அதே பதிப்பு. இதில் ஒன்று மாறினாலே ஓராண்டுத் தேய்வு அளவுக்கு வித்தியாசம் வந்துவிடலாம். ஸ்கேலை வைத்து அளந்த சிசி-யில் 1 மிமீ கூடியதை நோய் முற்றியது என்று எழுத நான் துணிய மாட்டேன்.

மரபுவழி:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். காடேட் தேய்வு ஹண்டிங்டனுக்கு மட்டும் சொந்தமில்லை. எச்டிடி ஜீன் (ஹண்டிங்டனுக்குக் காரணமான ஜீன்) இயல்பாக இருந்து படம் மட்டும் அச்சு அசல் இப்படி இருந்தால் கொரியா-அகாந்தோசைட்டோசிஸ் என்ற இன்னொரு மரபு நோயை நினையுங்கள்: உதடு, நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், இரத்தத்தில் சிகே என்ற தசை நொதி உயர்ந்திருக்கும். சிறுமூளையும் சேர்ந்து இளைத்திருந்தால் எஸ்சிஏ17 அல்லது டிஆர்பிஎல்ஏ என்ற மரபு நோய்கள். புடாமெனில் டி2 வெளிறலும் நடுமூளையில் பாண்டா முகம் போன்ற தோற்றமும் இருந்தால் வில்சன் நோய் (உடலில் செம்பு சேரும் மரபு நோய்). அதற்கு மருந்து உண்டு, அதனால் முதலில் விலக்க வேண்டியது அதுதான். சிறு வயதிலிருந்தே கொரியா, படம் முழுக்க இயல்பு, ஆண்டுகள் போனாலும் பெரிதாக மோசமாகவில்லை என்றால் என்கேஎக்ஸ்2-1 என்ற ஜீனைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

அடுத்தது ரிப்போர்ட்டின் மொழி. பெற்றோரில் ஒருவருக்கு ஹண்டிங்டன் இருக்கும் ஒருவர், எந்த அறிகுறியும் இல்லாமல், தலைவலிக்காக எம்ஆர்ஐ எடுக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு ஜீன் இருக்க 50% வாய்ப்பு. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருக்கலாம். அது அவர் உரிமை. அந்த ரிப்போர்ட்டில் "ஹண்டிங்டனுக்கு ஒத்துப்போகிறது" என்று எழுதினால், கவுன்சலிங் இல்லாமல், சம்மதம் இல்லாமல் ஒரு ஜீன் டெஸ்ட் ரிசல்ட்டைக் கையில் திணித்த மாதிரி. பார்த்ததை, அளந்ததை எழுதுங்கள்: "எஃப்எச்/சிசி 1.8, காடேட் தலை உள்விளிம்பு தட்டை." நோயின் பெயரை அனுப்பிய மருத்துவரிடம் போனில் பேசிக்கொள்ளலாம். அறிகுறி இல்லாத 18 வயதுக்குட்பட்டவர் என்றால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டிய ஜீன் பரிசோதனையே செய்வதில்லை.